நூலகப் பணியில் காணொளிப் பகிர்வு: ஒரு திறனாய்வு

நூலகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் அடுக்கடுக்காக நூல்கள் நிற்கும் அலமாரிகளும், அமைதி நிலவும் கூடமும், தலை குனிந்து படிப்போரும் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. ஆயினும், நூலகம் எக்காலத்தும் ஒரே வடிவில் இருந்ததில்லை. ஓலைச்சுவடி தாளுக்கு இடம் கொடுத்தது. அச்சு நூலின் பக்கத்திலேயே நுண்படச் சுருளும் இசைத்தட்டும் ஒலிநாடாவும் வந்து அமர்ந்தன. அவ்வரிசையில் இன்று நூலகத்தின் வாயிலில் வந்து நிற்பது இணையத்தின்வழிப் பகிரப்படும் காணொளி. அதனை வாயிலிலேயே நிறுத்துவதா, உள்ளே அழைப்பதா, அழைத்தால் எந்த இடத்தில் அமரச் செய்வது என்பவை இன்று எண்ணிப் பார்க்கவேண்டிய வினாக்கள்.

இவ்வினாக்களுக்கு இரண்டு அவசர விடைகள் வழங்கி வருகின்றன. காணொளி படிக்கும் பழக்கத்தைக் கெடுப்பது. ஆதலின் நூலகத்திற்குப் புறம்பானது என்பர் ஒரு சாரார். யூடியூப் போன்ற தளங்களே இக்காலத்து நூலகங்கள். இனித் தனியே நூலகம் எதற்கு என்பர் மற்றொரு சாரார். முதல் கூற்று ஊடகத்தைக் கண்டு அஞ்சுகிறது. இரண்டாவது கூற்று ஊடகத்தைக் கண்டு மயங்குகிறது. இரண்டுமே நூலகத்தின் பணி யாது என்று கேட்கவில்லை. அதனைக் கேட்டுத் தெளிந்தாலன்றி, காணொளிப் பகிர்வின் பயனையோ குறையையோ மதிப்பிடுதல் இயலாது.

அளவுகோல்

நூலகத்தின் பணியை வரையறுத்து உலகுக்கு வழங்கியவர் ஒரு தமிழர் என்பது தமிழாசிரியர்கள் மாணவர்களுக்கு எடுத்துரைக்கத்தக்க செய்தி. சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்து, கணிதம் கற்பித்துவந்த சீ. இரா. அரங்கநாதன், 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். 1931-ஆம் ஆண்டில் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அவ்விதிகளின் கருத்தைச் சுருங்கச் சொல்வதாயின், நூல் பூட்டி வைப்பதற்காக அன்றிப் பயன்படுவதற்காகவே உள்ளது என்பது முதலாவது. படிக்க வரும் ஒவ்வொருவருக்கும் அவருக்கேற்ற நூல் கிடைக்கச் செய்தல் இரண்டாவது. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வழி செய்தல் மூன்றாவது. வாசகரின் காலம் வீணாகாமல் காத்தல் நான்காவது. நூலகம் உயிருள்ள பொருள்போல் வளர்ந்துகொண்டே இருப்பது என்பது ஐந்தாவது.

அதே 1931-ஆம் ஆண்டில் தஞ்சைத் தரணியில் மற்றொரு செயலும் நிகழ்ந்தது. மன்னார்குடி வட்டாரத்துச் சிற்றூர்களுக்கு மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சென்று மக்களுக்கு வழங்கும் நடமாடும் நூலகம் தொடங்கப்பெற்றது. நூலகத்தை நாடி வர இயலாதவரை நாடி நூலகமே சென்றது. வண்டி ஊர் ஊராகச் சென்றபோதிலும், நூல்களைத் தேர்ந்தெடுத்ததும் பட்டியலிட்டதும் திரும்பப் பெற்றுப் பாதுகாத்ததும் வண்டியன்று; வண்டிக்குப் பின்னே இருந்த நூலகமே. காணொளிப் பகிர்வைப் பற்றிய ஆய்வுக்கு இவ்வேறுபாடு திறவுகோலாக அமையும்.

தோற்றமும் பெருக்கமும்

யூடியூப் தளம் 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மூன்று இளைஞர்களால் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அதில் ஏற்றப்பட்ட முதல் காணொளி, அவர்களுள் ஒருவர் விலங்குக் காட்சிச் சாலையில் யானைகளின் முன் நின்று பேசும் 19 விநாடிப் பதிவு. அடுத்த ஆண்டிலேயே கூகுள் நிறுவனம் 165 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் அத்தளத்தை வாங்கியது. 2019-ஆம் ஆண்டளவில் ஒவ்வொரு நிமிடமும் 500 மணி நேரத்திற்கு மேற்பட்ட காணொளிகள் அதில் ஏற்றப்பட்டன. ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் உறங்காமல் பார்த்தாலும், ஓரிரு நாள்களில் சேரும் பதிவுகளை முடித்தல் அரிது. இத்துணைப் பெருக்கம் இதற்கு முன் எந்த ஊடகத்திற்கும் வாய்த்ததில்லை. ஆனால், பெருக்கம் வேறு, தொகுப்பு வேறு. கடல் நீர் மிகுதியாக உள்ளது என்பதனால் அது குடிநீர்த் தேக்கம் ஆகிவிடுவதில்லை.

தும்மலும் காளிதாசும்

நூலகமும் பகிர்வுத் தளமும் எங்ஙனம் இணையவேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் நல்லதொரு சான்று தருகிறது. அந்நூலகம் 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் யூடியூபில் தனக்கென ஓர் ஒளிவழியைத் தொடங்கியது. எழுத்தாளர்களின் உரைகள், அறிஞர்களின் கலந்துரையாடல்கள், பழைய தொழிற்சாலைப் படங்கள் ஆகியவற்றோடு, எடிசனின் ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்பட்ட தொடக்ககாலத் திரைப்படங்களும் அதில் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று, பிரெட் ஓட் என்ற பணியாளர் பொடி போட்டுத் தும்முவதைக் காட்டும் ஒரு சில விநாடிப் படம்.

அப்படம் 1894-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது அழியாது நின்றது எவ்வாறு? அக்காலத்தில் திரைப்படத்திற்கெனத் தனிப் பதிப்புரிமைச் சட்டம் இல்லை. ஆதலின் அப்படத்தின் காட்சிகள் நிழற்படங்களாகத் தாளில் அச்சிடப்பட்டு, உரிமைப் பதிவுக்காகக் காங்கிரஸ் நூலகத்தில் ஒப்படைக்கப்பட்டன. நூலகம் அத்தாளைப் பெற்றுக்கொண்டது, பதிவு செய்தது, பாதுகாத்தது. 115 ஆண்டுகள் கழித்து யூடியூப் என்ற வண்டி வந்தபோது, அதில் ஏற்றி அனுப்ப நூலகத்திடம் சரக்கு இருந்தது. உலகெங்கும் உள்ளோர் அத்தும்மலைக் கண்டு மகிழ்ந்தது வண்டியினால். கண்டு மகிழ்வதற்கு அது எஞ்சியிருந்ததோ நூலகத்தினால்.

இதற்கு நேர்மாறான சான்று தமிழர்களிடமே உள்ளது. முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ 1931-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அரங்கநாதன் தம் விதிகளை வெளியிட்டதும், மன்னார்குடியில் வண்டி உருண்டதும் அதே ஆண்டுதான். மக்கள் திரண்டு சென்று பார்த்த அப்படத்தின் படி ஒன்றேனும் இன்று இருப்பதாகத் தெரியவில்லை. இந்தியாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்தது 1964-ஆம் ஆண்டில். அஃதாவது 33 ஆண்டுகள் கழித்து. படத்தை எடுத்தவர்கள் இருந்தனர், திரையிட்டவர்கள் இருந்தனர், பார்த்தவர்கள் பல்லாயிரவர் இருந்தனர். பெற்றுக் காப்பவர் மட்டுமே இல்லை. எத்துணைப் பேர் பார்த்தார்கள் என்பது ஒரு பதிவின் வாழ்நாளை நீட்டுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இன்று ஒரு காணொளி இத்தனை ஆயிரம் பேரால் காணப்பட்டது என்ற கணக்கைக் காட்டிப் பெருமை கொள்வோர் ‘காளிதாஸ்’ படத்தின் கதியை எண்ணிப் பார்த்தல் நலம்.

வண்டியால் விளையும் நன்மைகள்

இதனால், பகிர்வுத் தளங்களை நூலகங்கள் ஒதுக்கிவிட வேண்டும் என்பது பெறப்படாது. முதலிரண்டு விதிகளின் நோக்கில் பார்த்தால், அவற்றால் விளையும் நன்மை பெரிது.

பூட்டிய பெட்டகத்துள் கிடந்தவற்றை வெளிக்கொணர்தல் முதல் நன்மை. பிரிட்டிஷ் பாத்தே என்ற பழைய செய்திப்பட நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் தன்னிடமிருந்த ஏறத்தாழ 85,000 படங்களை யூடியூபில் ஏற்றியது. மலாயாவையும் சிங்கப்பூரையும் பற்றிய செய்திப்படங்களும் அத்தொகுப்பில் உள்ளன. முன்னர் இலண்டனுக்குக் கடிதம் எழுதிக் கட்டணம் செலுத்திப் பெறவேண்டியிருந்த காட்சியை, இன்று சிற்றூர்ப் பள்ளியொன்றில் பயிலும் மாணவர் வகுப்பறையில் அமர்ந்தபடியே காண இயலுகிறது.

எழுத்தில் அடங்காதவற்றைக் கற்பிக்கத் துணைபுரிதல் இரண்டாவது நன்மை. மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளைப் பயிலும் இன்றைய மாணவர் பெரும்பாலும் நகர்ப்புறத்தில் பிறந்தவர். பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, கிராணி, மங்கு ஆகிய சொற்களைக் கதையில் படிக்கும்போது அவர் அகராதியைத் தேடுகிறார். அகராதியிலும் அவற்றுட் சில இருப்பதில்லை. விடியற்காலை இருளில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரம் சீவுவதையும், சீவிய கோட்டின் வழியே பால் இறங்கி மங்கில் சொட்டுவதையும் ஐந்து நிமிடக் காணொளியில் கண்ட மாணவர், அதன்பின் அக்கதையைப் படிக்கும்போது வேறொரு வாசகராகிவிடுகிறார். காணொளி இங்கே நூலைத் துரத்துவதில்லை. நூலுக்குள் அழைத்துச் செல்கிறது. கூத்து, கும்மி, ஒப்பாரி, தாலாட்டு போன்ற நிகழ்கலைகளுக்கும் இது பொருந்தும். ஒப்பாரியின் சொற்களை அச்சிடலாம். அதன் விம்மலை அச்சிட இயலாது.

மூத்தோரின் நினைவுகளைப் பொதுவாக்குதல் மூன்றாவது நன்மை. சிங்கப்பூர் 1979-ஆம் ஆண்டிலேயே வாய்மொழி வரலாற்றுக்கெனத் தனிப் பிரிவை அமைத்து, பல இனத்தவரின் வாழ்வனுபவங்களை நேர்காணல்களாகப் பதிவு செய்யத் தொடங்கியது. இன்று அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தளத்தில் அவற்றுட் பலவற்றைக் கேட்க முடிகிறது. கேட்டவற்றைக் காணவும் செய்தால், சொல்பவரின் முகக்குறிப்பும் கைவீச்சும் வரலாற்றின் பகுதியாகும்.

வாசலுக்கு வர இயலாதவரை அடைதல் நான்காவது நன்மை. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாக மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நூலகங்கள் மூடப்பட்ட மாதங்களில், கதை சொல்லும் நிகழ்ச்சிகளும் நூல் அறிமுகங்களும் எழுத்தாளர் சந்திப்புகளும் இணையத்தின்வழி இல்லங்களுக்குச் சென்றன. முதியோரும், உடல்நலம் குன்றியோரும், தொலைவில் வாழ்வோரும் அவற்றில் முதன்முறையாகக் கலந்துகொண்டனர். அரங்கநாதன் கூறிய ஐந்தாவது விதிக்கு அது கண்கூடான விளக்கம்.

விதிகளோடு முரண்படும் இடங்கள்

நன்மைகளை ஒப்புக்கொண்டபின் குறைகளை அஞ்சாது கூறவேண்டும். மூன்றாம் விதியையும் நான்காம் விதியையும் உரைகல்லாகக் கொண்டால், பகிர்வுத் தளத்தின் மாற்றுக் குறைவு புலப்படும்.

ஒவ்வொரு பதிவும் தனக்குரியவரைச் சென்றடைய வேண்டுமாயின், அப்பதிவு இன்னது என்ற செவ்விய விவரம் வேண்டும். நூலகர் ஒரு நூலைப் பெற்றவுடன் ஆசிரியர் பெயர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பொருள் ஆகியவற்றைக் குறிக்கிறார். அரங்கநாதன் 1933-ஆம் ஆண்டில் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, பொருளோடு இடத்திற்கும் காலத்திற்கும் உரிய குறியீடுகளை வழங்கியது. பகிர்வுத் தளத்தில் உள்ள தமிழ்க் காணொளிகளின் நிலை யாது? “இலக்கிய விழா – பகுதி 2” என்று தலைப்பிருக்கும். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் பேசினார், எதைப் பற்றிப் பேசினார், பகுதி ஒன்று எங்கே என்பன இரா. ஏற்றிய நாள் மட்டும் இயல்பாகவே பதிவாகியிருக்கும். நிகழ்ந்த நாளோ எவர்க்கும் தெரியாது. ஒரே பேச்சாளரின் பெயர் ஓரிடத்தில் தமிழிலும், மற்றோரிடத்தில் ஆங்கில எழுத்திலும், வேறோரிடத்தில் தலைப்பெழுத்து மாறியும் காணப்படும். பத்தாண்டுகள் கழித்து ஆய்வு மாணவர் ஒருவர் தேடினால் அப்பேச்சு அவர் கைக்குச் சிக்குமா என்பது ஐயமே. கிடைக்காத பதிவும் இல்லாத பதிவும் ஆய்வாளருக்கு ஒன்றுதான்.

நான்காம் விதியோடு உள்ள முரண்பாடு இன்னும் ஆழமானது. வாசகர் தேடியதை விரைவில் கண்டு பயன்பெற்றுச் செல்வதில் நூலகத்தின் வெற்றி அடங்கியிருக்கிறது. பகிர்வுத் தளமோ விளம்பர வருவாயால் வாழ்வது. பார்ப்பவர் எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறாரோ அவ்வளவு வருவாய் அதற்குண்டு. ஆதலின் ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது காத்து நிற்கிறது. பக்கத்தில் பத்துக் காணொளிகள் கைகாட்டி அழைக்கின்றன. சங்க இலக்கிய உரையைக் கேட்கச் சென்ற மாணவர் அரைமணி நேரத்தில் திரைப்பட நகைச்சுவையில் போய் நின்றால், குற்றம் முழுவதையும் அவர்மீது சுமத்துதல் முறையன்று. அவரை அங்கே கொண்டுசேர்க்கும்படியே அத்தளம் அமைக்கப்பட்டுள்ளது. வாசகரின் காலத்தைச் சேமிப்பது ஓர் அமைப்பின் அறமாகவும், செலவழிக்கச் செய்வது மற்றோர் அமைப்பின் தொழிலாகவும் இருக்கும்போது, இரண்டும் ஒன்றே என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இத்துடன், நூலகம் தன் காணொளியை அத்தளத்தில் வைத்தபின் அதன் சுற்றுச்சூழல் நூலகத்தின் கையில் இருப்பதில்லை. 2020-ஆம் ஆண்டு நவம்பரில் யூடியூப் தன் விதிகளைத் திருத்தி, வருவாய் நாடாதவர்களின் காணொளிகளிலும் விளம்பரம் காட்டும் உரிமையைத் தனக்கு ஆக்கிக்கொண்டது. சிறுவர்க்கான கதை நிகழ்ச்சியின் நடுவே எந்த வணிகர் குரல் எழுப்புவார் என்பதை நூலகர் முடிவு செய்ய இயலாது.

நிலையாமை

இவற்றினும் பெரிய குறை நிலையாமை. கூகுள் நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் கூகுள் வீடியோ என்ற பகிர்வுத் தளத்தைத் தொடங்கியது. 2009-ஆம் ஆண்டில் புதிய பதிவேற்றங்களை நிறுத்தி, 2012-ஆம் ஆண்டில் அத்தளத்தை மூடிவிட்டது. சில விநாடிக் காணொளிகளுக்கெனப் புகழ்பெற்ற வைன் என்ற தளம் 2013-ஆம் ஆண்டில் தோன்றி 2017-ஆம் ஆண்டில் மறைந்தது.

தமிழ் எழுத்துலகை நேரே தாக்கிய நிகழ்ச்சி 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நேர்ந்தது. முகநூலில் நேரலையாக ஒளிபரப்பப்படும் காணொளிகள் இனி 30 நாள்கள் மட்டுமே அங்கே இருக்கும் என்றும், அதனினும் பழைய நேரலைப் பதிவுகள் படிப்படியாக நீக்கப்படும் என்றும், உரியவர்கள் அறிவிப்புப் பெற்ற 90 நாள்களுக்குள் அவற்றை இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் மண்டபங்கள் பூட்டியிருந்தபோது தமிழ் இலக்கியக் கூட்டங்கள் பல நிகழ்ந்தது இந்நேரலையில்தான். நூல் வெளியீடு, இரங்கற் கூட்டம், மூத்த எழுத்தாளரின் நீண்ட உரை என எத்தனையோ பதிவுகள் அங்கே குவிந்திருந்தன. கணக்கின் உரிமையாளர் மறைந்திருந்தாலோ, கடவுச்சொல்லை மறந்திருந்தாலோ, பொறுப்பாளர் மாறியிருந்தாலோ அறிவிப்பு யார் கண்ணில் பட்டிருக்கும்? எந்த நூலகமும் அவற்றின் படியைப் பெற்று வைக்காதவிடத்து, நீக்கப்பட்டது ஒரு நிறுவனத்தின் சேமிப்புச் சுமை மட்டுமன்று. ஒரு மொழிச் சமுதாயத்தின் இரண்டாண்டு நினைவும் அதனோடு நீங்கியது.

கூகுள் நிறுவனமும் 2023-ஆம் ஆண்டில், ஈராண்டுகளாகப் பயன்படுத்தப்படாத கணக்குகளை நீக்கப்போவதாக அறிவித்தது. காணொளிகள் உள்ள கணக்குகளை இப்போதைக்கு நீக்கும் எண்ணமில்லை என்றும் தெரிவித்தது. ‘இப்போதைக்கு’ என்ற அச்சொல் கூர்ந்து நோக்கத்தக்கது. நிறுவனத்தைப் பழிப்பதற்கு இங்கு இடமில்லை. தனியார் நிறுவனம் தன் இலாப நட்டத்தை எண்ணியே நடக்கும். பிறருடைய நினைவுகளைக் காலமெல்லாம் காப்பதாக அது எவருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. கொடுக்காத வாக்கை நம்பியிருந்தவர்கள்பால்தான் பிழை உள்ளது.

எதிர்வாதங்கள்

நூலகங்களுக்குப் பணமும் ஆளும் குறைவு. தளங்கள் இலவசமாக இடம் தரும்போது தனியே சேமிப்பது வீண் செலவு என்பது ஒரு வாதம். இலவசம் என்பது கட்டணத்தைக் குறித்த சொல்லேயன்றிப் பாதுகாப்பைக் குறித்த சொல்லன்று. மேலும், தளத்தில் பார்வையாளர் காண்பது, அலைவரிசைக்கேற்ப அளவு சுருக்கி மறுவடிவம் செய்யப்பட்ட படியே. மூலப் பதிவு ஏற்றியவரிடம் இல்லையெனில், எஞ்சுவது நகலின் நகல்தான்.

பதிப்புரிமைச் சிக்கல் எழும் என்பது மற்றொரு வாதம். இது மதிக்கத்தக்கது. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், சிங்கப்பூரில் 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. ஒரு நிகழ்ச்சிப் பதிவில் பேச்சாளரின் உரிமை, பாடலாசிரியரின் உரிமை, படமெடுத்தவரின் உரிமை எனப் பல உரிமைகள் பின்னிக் கிடக்கும். பள்ளி விழாவில் மாணவர் ஆடிய நடனத்திற்குப் பின்னணியாக ஒலித்த திரைப்பாடலைத் தளத்தின் தானியங்கிச் சோதனை கண்டறிந்து, காணொளியையே முடக்கிவிடுவதும் உண்டு. ஆனால் இச்சிக்கல், பாதுகாப்பதையும் பரப்புவதையும் ஒன்றாக எண்ணுவதால் மிகுதியாகிறது. முறைப்படி ஒப்புதல் பெற்றுக் காப்பகத்தில் வைத்துக்கொள்ளும் பதிவை உடனே உலகுக்குக் காட்டவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்று காப்பது கடமை. என்று காட்டுவது என்பது உரிமையாளரோடு கலந்து முடிவு செய்யவேண்டியது.

அரசே அனைத்தையும் சேர்த்துவைக்கும் என்பது மூன்றாவது வாதம். மலேசியாவின் 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் அச்சிடப்படாத பொருள்களையும் உள்ளடக்கியது. சிங்கப்பூரில் 2019-ஆம் ஆண்டு சனவரி இறுதி முதல், அந்நாட்டுப் பெயர்க்குறியில் முடியும் இணையத் தளங்களைத் தேசிய நூலக வாரியம் தானே சேகரித்து வைக்கலாம் என்ற சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இவை பாராட்டத்தக்க முயற்சிகள். எனினும், உலக நிறுவனமொன்றின் தளத்தில் தனிமனிதர் ஏற்றிய காணொளி தானாகவே இவ்வலைக்குள் வந்து விழும் என்று எதிர்பார்த்தல் இயலாது. கொண்டுபோய்க் கொடுப்பவர் வேண்டும்.

செய்யத்தக்கன

தொண்டு மனப்பான்மையும் முறையும் சேர்ந்தால் தமிழர்களால் இது இயலும் என்பதற்கு முன்னோடிகள் உள்ளனர். 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பின் நினைவு மாறாத சமுதாயத்திலிருந்து 2005-ஆம் ஆண்டில் நூலகம் என்ற பெயரிலேயே மின்னூலகம் ஒன்று எழுந்தது. இலங்கைத் தமிழரின் நூல்களோடும் இதழ்களோடும் ஒலி, ஒளிப் பதிவுகளையும் அது விவரக் குறிப்புகளுடன் சேர்த்து வருகிறது. யூடியூப் தோன்றிய அதே ஆண்டில், ஒரு சில தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட பணி அது. சிங்கப்பூரில் 2015-ஆம் ஆண்டில், நாட்டின் பொன்விழாவை ஒட்டி, தன்னார்வலர்களும் தேசிய நூலக வாரியமும் இணைந்து அந்நாட்டுத் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கினர். அம்முயற்சி பின்னர் நாடகம், இசை, நடனம் ஆகியவற்றுக்கும் விரிந்தது.

இவற்றைப் பின்பற்றிப் பள்ளி நூலகமும் சங்க நூலகமும் செய்யத்தக்க பணிகள் எளியவை. முதலாவது, எந்தப் பதிவையும் தளத்தில் ஏற்றுமுன் அதன் மூலத்தைக் காத்தல். மூன்று படிகள் வைத்து, அவற்றை இருவகைச் சேமிப்புக் கருவிகளில் பிரித்து, ஒரு படியை வேறோர் இடத்தில் வைப்பது ஆவணக் காப்பாளர் பலர் பரிந்துரைக்கும் நெறி. இரண்டாவது, ஒவ்வொரு பதிவுக்கும் விவரக் குறிப்பு எழுதுதல். நிகழ்ச்சியின் பெயர், இடம், நாள், பேசியோரின் முழுப் பெயர், பொருள், கால அளவு, எந்த நிமிடத்தில் எது பேசப்படுகிறது என்பன தமிழில் இருத்தல் வேண்டும். மூன்றாவது, பேச்சாளரிடம் எழுத்து வடிவில் ஒப்புதல் பெறுதல். நான்காவது, நூலையும் காணொளியையும் இணைத்தல். மலேசிய எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பின் பின்னட்டை உட்புறத்தில் ஒரு கியூஆர் குறியை ஒட்டி, அவர் அக்கதையைத் தாமே படிக்கும் காணொளிக்கு வழிகாட்டினால், நூலும் காணொளியும் ஒன்றையொன்று வாழவைக்கும்.

ஐந்தாவது பணி காலத்தோடு போட்டியிடுவது. 1980-களில் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களையும், தமிழ்ப்பள்ளி விழாக்களையும், எழுத்தாளர் கூட்டங்களையும் பதிவு செய்த வீடியோ நாடாக்கள் பல இல்லங்களின் அலமாரி மூலைகளில் உறங்குகின்றன. நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் நலிகிறது. அவற்றை இயக்கும் கருவிகளை இறுதிவரை உற்பத்தி செய்துவந்த சப்பானிய நிறுவனமும் 2016-ஆம் ஆண்டு சூலையுடன் அத்தொழிலை நிறுத்திவிட்டது. அந்நாடாக்களில் காணப்படும் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன; மக்கள் நகரங்களுக்குப் பிரிந்து சென்றனர். அவ்வாழ்க்கையின் அசையும் சாட்சிகளாக எஞ்சியிருப்பவை அந்நாடாக்களே. அவற்றில் தோன்றும் முகங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்களும் முதுமையடைந்து வருகின்றனர். நாடாவை மின்வடிவாக்கக் கருவி போதும். முகங்களுக்குப் பெயர் குறிக்க அம்முதியவர்கள் வேண்டும்.

இப்பணியில் மாணவர் பங்கு சிறப்புடையது. ஒரு மாணவர் தம் பாட்டியை அருகில் அமர்த்தி, பழைய நாடா ஒன்றை ஓடவிட்டு, “இவர் யார்? இது எந்த இடம்?” என்று கேட்டு எழுதிக்கொள்வாராயின், அதுவே நூலகத்தின் விவரக் குறிப்பாகும். பேச்சைக் கேட்டு எழுத்தில் வடிப்பது அவருக்குச் சிறந்த மொழிப் பயிற்சியாகவும் அமையும். பேச்சுத் தமிழின் சொல்லை அவர் செவியால் அறிகிறார். எழுத்துத் தமிழின் வடிவத்தைக் கையால் அறிகிறார். தமிழாசிரியர்கள் இதனை வகுப்புப் பணியாக வழங்கலாம்.

முடிவு

காணொளிப் பகிர்வு நூலகத்தின் பகையன்று, நூலகத்திற்கு மாற்றுமன்று. அது வண்டி. மன்னார்குடி வண்டியைப் போலவே அது தொலைவைக் குறைக்கிறது; வர இயலாதவரைத் தேடிச் செல்கிறது; அறிவைப் பூட்டிலிருந்து விடுவிக்கிறது. ஆனால், வண்டி மாறும், வண்டிக்காரர் மாறுவார், ஒருநாள் வண்டியே வாராது நிற்கும். அன்று நூலகத்தின் அலமாரியில் மூலப் பதிவும், அதனை அடையாளம் காட்டும் விவரக் குறிப்பும் இருக்குமாயின், வேறு வண்டி பிடித்துக்கொள்ளலாம். அலமாரி வெறுமையாக இருக்குமாயின், ‘காளிதாஸ்’ படத்திற்கு நேர்ந்ததே தோட்டத்துத் திருவிழாவுக்கும் நேரும். ஒரு தும்மலைக் காத்த நூலகத்தை உலகம் இன்றும் நன்றியோடு நினைக்கிறது. ஒரு சமுதாயத்தின் பேச்சையும் பாட்டையும் முகங்களையும் காக்கும் பொறுப்பு எந்தத் தளத்தின் உரிமையாளரையும் சார்ந்ததன்று. அது தமிழ்ப் பள்ளிகளின், தமிழ்ச் சங்கங்களின், அவற்றின் நூலகங்களின் பொறுப்பாகும்.